பந்தலடியில் சொன்ன தூரம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டு வண்டிலில் ஏறியவன் நான். எந்த இடத்தில் எந்த ன போட வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பிழை கண்டால் மனதுக்குள் திருத்திக்கொண்டு வாசியுங்கள். நாக்கும் எனக்கு அப்படித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறவாது. கதைக்க வெட்கப்படுகிற ஆள் எழுதவாவது செய்யட்டும் என்று என் மூத்த மகள் ஒரு பேனையை வாங்கித் தந்தாள். அது மேசையில் வெகு நாள் கிடந்தது.

பண்டத்தரிப்பிலிருந்து கீரிமலைக்குப் போகிற தெருவில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்த ஒருவரைப் பற்றி எழுதப் பார்க்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவர் தன்னிடம் வந்த யாரிடமும் பெயர் கேட்டதில்லை. ஆகவே நானும் அதை எழுதாமல் விடுகிறேன்.

தீவுப் பகுதியிலிருந்தும் காரைநகரிலிருந்தும் கீரிமலைக் கடற்கரைக் கோயிலுக்கும் அங்கேயுள்ள தீர்த்தக் கேணிக்கும் நடந்து போகிறவர்கள் அந்தத் தெருவால்தான் வருவார்கள். பண்டத்தரிப்புச் சந்தியைத் தாண்டிக் கொஞ்சம் போனால் இரண்டு பக்கமும் பனை. அங்கே ஒரு கிணறு, மாடுகள் முதுகு உரஞ்சுகிற கல், ஒரு சின்ன மடம், ஒரு சுமைதாங்கி. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன யாரோ ஒரு பெண்ணின் பேரில் அந்தச் சுமைதாங்கியை நட்டிருந்தார்கள். தலைச்சுமையை அதில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் கிடுகு வேய்ந்த பந்தலும் அதற்குள் அவரும் தெரிவார்கள். நெட்டையான, மெலிந்த மனிதர். இடுப்பில் நாலு முழம், தோளில் ஒரு துண்டு.

பானைகளில் தண்ணீர் இருக்கும். வெயில் காலத்தில் மோரும் இருக்கும். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றிக் கொடுப்பார். குடித்ததும் பிளாவை எறிந்துவிடலாம். அந்த நாளில் செம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற கதைகள் எல்லாத் தெருவிலும் இருந்தன. ஓலைப் பிளாவில் குடிக்கிறவரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை. அவர் அதற்காகத்தான் அப்படிச் செய்தாரோ, செம்பு வாங்க வசதியில்லாமல் செய்தாரோ, எனக்குத் தெரியாது.

குடித்து முடித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கீரிமலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் கேட்டவரின் பாதத்தைப் பார்ப்பார். பிறகு கையை வடக்குப் பக்கமாக நீட்டி, விரல்களை இலேசாக உதறுவார்.

"உந்தா, உதிலைதான்."

இந்தா, கிட்டத்தான் என்று பக்கத்து வீட்டைக் காட்டுகிறவர் சொல்கிற மாதிரிச் சொல்வார். நாலு கட்டைக்கு மேல் கிடக்கிறது என்று தெருவோரத்து மைல் கல்லில் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட அவர் சொன்னதும் அந்தக் கல்லை மறந்துவிடுவார்கள்.

பாதம் எவ்வளவு வெடித்திருக்கிறதோ, கோயில் அவ்வளவு கிட்ட வந்துவிடும். உரமான இளந்தாரி கேட்டால் கொஞ்சம் நடக்க வேணும் என்பார். கிழவர் கேட்டால் அது அடுத்த பனங்கூடலுக்கு அங்காலே வந்து நிற்கும். ஒரு நாள் தகப்பனின் தோளில் இருந்து அழுதுகொண்டு வந்த ஒரு சின்னப் பெண்ணிடம், கேணி உந்த வேலிக்குப் பின்னாலேதான் இருக்கிறது, மீன் கூடத் துள்ளுகிறது என்று சொன்னார். பிள்ளை தோளிலிருந்து இறங்கி ஓடியது. தகப்பன் பின்னால் ஓடினான். அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, அவனும் அதை நம்பிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போய் வருவேன். அந்தத் தெருவில் கீரிமலை எங்கே இருக்கிறது என்று என் மாடுகளுக்கே தெரியும். சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் பந்தலடியில் வண்டிலை அவிழ்ப்பேன். சனம் இருக்கிற நேரம் அகப்பட்டுவிட்டால் பாடு கஷ்டம். சந்தேகப்பட்டு யாராவது திரும்பக் கேட்டால், அவர் என்னைக் காட்டி, தம்பி நெடுகலும் போய் வாற ஆள், அவரைக் கேளுங்கோ என்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டுவேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஊற்றுகிற மோரில் உப்பும் இஞ்சியும் தூக்கலாக இருக்கும்.

மத்தியான வெயிலில் அந்த இடம் ஒரு மாதிரியாக இருக்கும். தெரு நீளத்துக்குப் புழுதி வெள்ளையாகக் கிடக்கும். தூரத்தில் போகிறவர்களுக்குக் கால் தெரியாது, இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்து போவார்கள். காற்று வந்து பனையோலைகளில் விழுந்தால் சோவென்று ஒரு இரைச்சல் எழும். அப்போது அவர் விரலை உயர்த்திச் சனத்தைப் பேசாமல் நிற்கச் சொல்வார். கேட்குதா, கடல், என்பார். எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். ஓம், கேட்குது என்று யாராவது ஒருவர் சொல்வார். உடனே மற்றவர்களுக்கும் கேட்டுவிடும். வண்டிலின் கீழே படுத்திருந்த எனக்கும் சில நாட்களில் கேட்டிருக்கிறது. கண்ணை மூடினால் உப்புக் காற்றுக்கூட முகத்தில் பட்டது.

திரும்பி வருகிறவர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். காரைநகர்ப் பக்கத்து மனுசி ஒருத்தி, ஈரத் தலையோடு வந்து, சுமையைத் தொப்பென்று போட்டாள்.

"உங்கடை உதிலை எங்கடை காலைத் திண்டு முடிச்சிட்டுது. கோயிலுக்கு ஆள் பிடிக்கிறவரோ நீங்கள், இப்பிடி ஏய்ச்சு அனுப்ப?"

"போய்ச் சேர்ந்தனீரோ இல்லையோ?"

"சேர்ந்தது என்ரை கால். உங்கடை சொல்லு இன்னும் வழியிலைதான் நிக்குது."

சனம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு அவளுக்கு இரண்டு பிளா மோர் ஊற்றினார். அடுத்த வருஷமும் அவள் வந்தாள். அடுத்த வருஷமும் கேட்டாள். அவர் அதையேதான் சொன்னார்.

அவருடைய மனைவி பந்தலுக்கு முன்னால் அதிகம் வர மாட்டார். வீடு மடத்துக்குப் பின்னால் இருந்தது. கிணற்றில் அள்ளி, பானைகளை நிரப்பி, மோர் கரைத்து வைத்துவிட்டு வேலிக்கு உள்ளே போய்விடுவார். புருஷன் சொல்வதை ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆனால் நான் கவனித்திருக்கிறேன். தள்ளாத கிழவிகள் வந்தால் அந்த அம்மா பானையைத் தூக்குகிற சாட்டில் கிட்டப் போய், தூரம் கிடக்கு ஆச்சி, ஆறிப் போங்கோ என்று காதோடு சொல்லிவிடுவார். அவர் அதைக் காணாத மாதிரி வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மற்ற எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைத்தான் அவர் வைத்திருந்தார். மழை எப்போது வரும் என்றால் உதிலை. என் மாட்டுக்குக் கால் வீங்கியபோது சுகம் உதிலை. எனக்குக் கல்யாணம் உதிலை. அது மட்டும் நாலு வருஷம் பிந்தியது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் கீரிமலைக்குப் போனதில்லை. அவ்வளவு கிட்ட இருந்தும் போகவில்லை. ஆடி அமாவாசை, தீர்த்தம் எல்லாம் பந்தலில் சனம் முட்டுகிற நாட்கள். நான் போனால் ஆர் தண்ணி வார்க்கிறது என்பார். தகப்பன் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் தமையன்தான் சாம்பலைக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தார். இவர் அன்றைக்கும் பந்தலில் நின்றார். அந்தத் தெருவால் இரண்டு விதமான ஆட்கள் போவார்கள், நேர்த்தி வைத்துச் சாமி கும்பிடப் போகிறவர்கள், மண் முட்டியில் செத்தவரின் சாம்பலோடு போகிறவர்கள். இரண்டாம் விதத்தார் வந்தால் அவர் குரலைத் தாழ்த்தி, பிளாவை இரண்டு கையாலும் கொடுப்பார். தூரத்தை மட்டும் அவர்களுக்கும் அதே மாதிரித்தான் சொல்வார்.

அவருக்கு ஒரே மகன். மலாயாவில் ரயில்வேயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவான் என்று பேச்சு. நான் ஒருமுறைதான் கண்டேன். வெள்ளைக் கால்சட்டையோடு பந்தலில் நின்று சனத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தான். கீரிமலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கு அவன் உள்ளதைச் சொன்னான். தகப்பன் அவன் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார்.

பிறகு சண்டை வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான் என்று கேள்விப்பட்டோம். அங்கிருந்து கடிதம் வருவது நின்றது. எங்கள் பக்கத்திலும் அரிசி கூப்பனுக்கு வந்தது. நடந்து போகிற சனமும் குறைந்தது. நான் போகும்போதெல்லாம் அவரிடம் மகனைப் பற்றிக் கேட்க நினைப்பேன். வாய் வராது. நான் கேட்காததற்கு அவரே பதில் சொல்வார். உதிலைதான் தம்பி, சண்டை முடிஞ்ச உடனை வந்து இறங்குவான் என்பார்.

சண்டை முடிந்தது. கப்பல் ஓடத் தொடங்கியது. மலாயாவில் இருந்தவர்கள் ஒருவர் ஒருவராக ஊருக்கு வந்தார்கள். மகனோடு ஒரே இடத்தில் வேலை செய்த ஒருவர் பந்தலுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தகப்பனிடம் சுகம் விசாரித்தார். பிறகு வேலிக்குள்ளே போய் அந்த அம்மாவிடம்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். சயாம் பக்கம் காட்டுக்குள்ளே ரயில் பாதை போட யப்பான்காரன் மகனைக் கொண்டுபோனான். அந்தக் கூட்டத்தில் போனவர்கள் காய்ச்சலில் முடிந்துபோனார்கள். திரும்பி வந்த ஆளைத் தான் காணவில்லை. செத்ததைக் கண்ட ஆளையும் காணவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் முடிந்து, கீரிமலைச் சுடலையில் எரித்து, அந்தச் சாம்பலைக் கடலில் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம் ஆகாதவன் என்றால் தகப்பன்தான் செய்ய வேண்டும். அந்த அம்மா அதைச் செய்ய வேண்டும் என்று நின்றார். அவர் மாட்டேன் என்று நின்றார். பல மாதம் அது இழுபட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அவர்கள் கதைத்தது என் காதில் விழுந்தது.

"உயிரோடை இருக்கிறவனுக்கு நெருப்பு வைக்கச் சொல்லுறாய். நாளைக்கு அவன் இந்தப் பந்தலிலை வந்து நிண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். பழி என்ரை தலையிலை கிடக்கட்டும்." பிறகு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "கனவிலை வாறான் அப்பா. சனத்துக்குப் பின்னாலை நிக்கிறான். நீங்கள் எல்லாருக்கும் வாக்கிறியள். அவனுக்கு முறை வருகுதில்லை. பிள்ளை தண்ணி இல்லாமல் நிக்கிறான்."

அவர் எழும்பினார். வெளியே வந்து, பானையைத் திறந்து பார்த்து, மூடினார். என்னைக் கண்டார். வியாழக்கிழமை வண்டில் சும்மாதானே நிற்கும் என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை விடியப் போனேன். அந்த அம்மாவின் தம்பி குருக்களை ஒழுங்கு செய்யச் சைக்கிளில் முன்னுக்குப் போயிருந்தார். இவர் எல்லாப் பானைகளையும் கழுத்துமட்டும் நிரப்பி, பிளாக்களை அடுக்கி, வருகிறவர்கள் தாங்களே எடுத்துக் குடிக்கும்படி வைத்திருந்தார். அந்த அம்மா வண்டிலில் ஏறி, தர்ப்பைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். இவர் ஏறவில்லை. எல்லாரும் நடந்துதானே போறவை என்று சொல்லிவிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தார். நான் மாட்டை மெல்ல விட்டேன்.

பந்தல் பார்வையில் இருந்து மறைகிறவரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்க்கத் தொடங்கினார். தான் எல்லாருக்கும் சொன்ன பனங்கூடல் வந்தது. அதற்கு அங்காலே இன்னொரு பனங்கூடல். அதற்கு அங்காலே வெங்காயத் தோட்டம். வேலிகள் வந்தன, போயின. ஒரு வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு ஆடு கட்டியிருந்தது. இளவாலையில் கிறிஸ்தவரின் வேதக்கோயில் மணி அடித்தபோது நின்று, உது எந்தக் கோயில் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முகத்தில், தெரியாத நாட்டுக்கு வந்தவருடைய முழிப்பு இருந்தது. காற்று எழும்பிப் பனைகள் இரைந்தன. அவர் விரலை உயர்த்தவில்லை.

வெயில் ஏறியது. வழியில் இருந்த மடங்கள் எல்லாவற்றிலும் நின்றார். ஒவ்வொரு கிணற்றிலும் கால் கழுவினார். மணித்தியாலம் போகப் போக நிற்கிற நேரம் கூடியது. அவருக்குக் களைப்பா, அல்லது போய்ச் சேராமல் இருக்கப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சுமைதாங்கியின் அடியில் போய்க் குந்தினார். அங்கிருந்து இன்னும் ஒன்றரைக் கட்டை இருந்தது.

"இவ்வளவு தூரத்தையோ," என்றார் தெருவைப் பார்த்து, "நான் அதுகளுக்கு உதிலை எண்டு சொன்னனான்?"

அவர் தன் பாதங்களைப் பார்த்தார். புழுதி அப்பி, விரலிடுக்கில் இரத்தம் கசிந்திருந்தது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் இருந்து குரல் வந்தது. என்னால் ஏலாது, வண்டிலைத் திருப்பு தம்பி என்றார். கொஞ்சம் பொறுத்து, அதற்கும் மனமில்லாமல், இன்னும் எவ்வளவு கிடக்கு என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றரைக் கட்டை என்பதா, வேறெதையும் சொல்வதா என்று தெரியாமல் திறந்தபடி நின்றேன். அந்த அம்மா தர்ப்பைக் கட்டோடு வண்டிலால் இறங்கினார். அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"உதிலைதான்," என்றார். "எழும்புங்கோ."

அவர் துண்டை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் வண்டிலுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். கட்டு இப்போது அவர் கையில் இருந்தது.

மற்றதை நான் கிட்ட நின்று காணவில்லை. அந்த அம்மா கீரிமலை மடத்தில் இருந்தார். நான் வண்டிலடியில் நின்றேன். சுடலைப் பக்கம் கொஞ்சம் புகை எழும்பியது. புல்தானே, கெதியில் அடங்கிவிட்டது. பிறகு அவர் முட்டியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது தெரிந்தது. திரும்பி வரும்போது வண்டிலில் ஏறி, அந்த அம்மாவின் காலடியில் சுருண்டு படுத்து, பண்டத்தரிப்பு வரும்வரை நித்திரை கொண்டார்.

மகன் பிறகும் வரவில்லை. வரவில்லை என்பதால் செய்தது சரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு கனவு வந்ததா என்றும் நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்து நான் பந்தலடியில் நின்றபோது காரைநகர்க் கூட்டம் ஒன்று வந்தது. அந்த வாய்க்காரியும் வந்திருந்தாள். நரைத்துவிட்டாள். மோரைக் குடித்துவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, கீரிமலை எவ்வளவு தூரம் ஐயா என்று கேட்டாள். சனம் சிரிக்கத் தயாராக நின்றது.

அவர் அவளுடைய பாதத்தைப் பார்த்தார். கை எழவில்லை.

"தூரந்தான் பிள்ளை. இருந்து ஆறிப் போங்கோ."

அவள் சிரிப்பை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "இத்தனை வருஷமும் உதிலை எண்டு சொன்னியளே."

"அப்ப நான் போய்ப் பாக்கேல்லை."

அவள் சுமையை மெல்ல இறக்கிவிட்டு மடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வெயில் சாயும்வரை எழும்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே நெடுநேரம் இருந்து கதைக்கப் பழகிவிட்டார்கள். மோர் போதாமல் போயிற்று. அந்த அம்மா வேலிக்கு வெளியே வந்து, பந்தலின் மற்றப் பக்கத்தில் இன்னொரு பானையை வைத்தார். இரண்டு பேருமாக வார்த்தார்கள்.

விகாரி வருஷம், ஆவணி மாதம் பத்தாந் திகதி எழுதி முடித்தேன்.